நவீனத்துவக் கட்டடங்களைப் படம் எடுக்கும்போது அவற்றின் சமூக நோக்கத்தையும் எப்படிக் கொண்டுவருவது?

கேள்வி இது: பொதுக் குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை என்று இருபதாம் நூற்றாண்டு நவீனத்துவக் கட்டடங்களைப் படம் எடுக்கும் ஒருவருக்குக் கோடும் நிழலும் நன்றாகவே வருகின்றன. ஆனால் எல்லோருக்கும் வெளிச்சம், காற்று, கௌரவமான வீடு என்று சொல்லிக் கட்டிய கட்டடம் படத்தில் வெறும் கான்கிரீட் சிற்பமாக நின்றுவிடுகிறது. லென்ஸை மாற்றுவதா, நேரத்தை மாற்றுவதா, நிற்கும் இடத்தை மாற்றுவதா?

மூன்றையும் மாற்ற வேண்டிவரும். அதற்கு முன்பு, எடுக்கப்போகும் படங்களின் பட்டியலை மாற்ற வேண்டும். இந்தக் கட்டடங்களின் சமூக நோக்கம் முகப்பில் கிடையாது, அளவுகளில் இருக்கிறது. ஒரு பிளாக்குக்கும் அடுத்ததற்கும் எத்தனை மீட்டர் இடைவெளி, குளிர்காலத்தில் எத்தனை மணி நேரம் வெயில் உள்ளே விழும், சமையலறையில் எத்தனை அடி எடுத்து வைக்க வேண்டும், துணி துவைக்கும் இடமும் விளையாடும் இடமும் யாருக்குப் பொது என்பதெல்லாம்தான் அந்த நோக்கம். தெருமுனையில் நின்று மூலைப்பக்கமாக எடுக்கும் வழக்கமான படத்தில் இதில் ஒன்றுகூட வராது. அதனால் கேமராவை எடுக்கும் முன் தரைத்தளப் பிளானைக் கையில் எடுங்கள். கட்டடம் என்னென்ன தருவதாகச் சொன்னது என்று ஏழெட்டு வரி எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எங்கே நின்றால், எந்த உயரத்தில், எத்தனை மணிக்கு அது தெரியும் என்று குறியுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

பின்லாந்தில் ஆல்வார் ஆல்டோ கட்டி 1933இல் திறக்கப்பட்ட பைமியோ காசநோய் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். காசநோய்க்கு மருந்து வராத காலம் அது. வெயில், காற்று, ஓய்வு ஆகியவைதான் சிகிச்சை. நோயாளி அறை முழுக்கவே படுத்திருப்பவருக்காக யோசித்தது. மேலே பார்த்தபடியே கிடப்பவர் என்பதால் உட்கூரைக்குக் கண்ணை உறுத்தாத பச்சை. விளக்கு அவர் பார்வையில் நேராகப் படாத இடத்தில். வாஷ்பேசினில் தண்ணீர் விழும் சத்தம் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரை எழுப்பாதபடி பேசினுக்கே தனி வடிவம். இதை வாசலில் நின்று ஆள் கண் உயரமான 1.6 மீட்டரில் எடுத்தால் கிடைப்பது ஒரு சாதாரண அறை, ஒரு கட்டில், ஒரு ஜன்னல். கேமராவைத் தலையணை உயரத்துக்கு, அதாவது 60 முதல் 70 செ.மீ. வரை இறக்கி, கட்டிலின் தலைமாட்டிலிருந்து ஜன்னல் பக்கம் பார்த்து வையுங்கள். உட்கூரை படத்தின் சட்டத்தில் (ஃபிரேமில்) பாதியை நிறைக்கும், ஜன்னலின் அடிவிளிம்பு ஏன் அந்த உயரத்தில் இருக்கிறது என்பது புரியும். கட்டடத்தை யார் எந்த நிலையில் பயன்படுத்தினாரோ அவருடைய கண் உயரத்தில் கேமரா இருக்க வேண்டும். குழந்தைகள் பள்ளியில் அது ஒரு மீட்டருக்கும் கீழே. உட்கார்ந்து வேலை செய்யும் இடத்தில் சுமார் 1.2 மீட்டர். டிரைபாட் வாங்கும்போது நடுக்கம்பு இல்லாமல் தரைவரை கால் விரியும் மாடலாகப் பார்த்து வாங்குவதற்கு இதுவே போதுமான காரணம்.

அடுத்தது ஃபிராங்ஃபர்ட் சமையலறை. மார்கரெட்டெ ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926இல் வடிவமைத்தது, சுமார் 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். நகராட்சிக் குடியிருப்புகளில் சுமார் 10,000 வீடுகளில் வைத்தார்கள். இதை 14 அல்லது 16 மி.மீ. லென்ஸில் வாசலிலிருந்து எடுத்தால் கல்யாண மண்டபச் சமையற்கட்டு மாதிரி வரும். படம் அழகாக இருக்கும், சொல்வது பொய்யாக இருக்கும். குறுகலாக இருப்பதுதான் அந்த வடிவமைப்பின் விஷயமே. இருந்த இடத்திலிருந்தே கை எட்ட வேண்டும், வேலை செய்யும் பெண்ணின் நடை குறைய வேண்டும் என்பது கணக்கு. 1929இல் நவீனக் கட்டடக் கலைஞர்களின் பன்னாட்டு மாநாடு அதே நகரில் கூடிப் பேசியதும் குறைந்தபட்ச வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான். குறைந்தபட்ச வீட்டைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் அந்தக் கருத்தையே அழித்துவிடும். இதுபோன்ற இடங்களில் முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 28 முதல் 35 மி.மீ.யைத் தாண்டி அகலமாகப் போக வேண்டாம். பின்னால் போக இடமில்லை என்றால் 35 மி.மீ.யில் இரண்டு படமாக எடுத்து அருகருகே வையுங்கள். வேலை செய்யும் ஒருவர் உள்ளே இருந்தால் இன்னும் நல்லது, அவருடைய கை நீளமே அளவுகோல் ஆகிவிடும்.

நேர்க்கோடுகளும் கணக்கும்

செங்குத்துக் கோடுகள் மேலே குவியாமல் இருக்க சென்சார் தரைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். கேமராவை மேல்நோக்கிச் சாய்த்த அந்த நொடியே குவிய ஆரம்பிக்கும். கேமராவிலேயே இருக்கும் லெவலைப் போட்டு, கியர் வைத்த டிரைபாட் தலையில் நேர்ப்படுத்துவது எளிது. பந்துத் தலையில் ஒரு பக்கம் சரிசெய்தால் மறுபக்கம் நகரும்.

ஷிஃப்ட் லென்ஸ் (கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே, கீழே, பக்கவாட்டில் நகர்த்தக்கூடியது) இருந்தால் எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதை முன்கூட்டியே கணக்குப் போடலாம். 24 மி.மீ. லென்ஸ், முழுச்சட்டச் சென்சார், 30 மீட்டர் உயரக் கட்டடம், கேமரா 1.6 மீட்டரில் என்று வைத்துக்கொண்டால், கேமராவுக்கு மேலே பிடிக்க வேண்டியது 28.4 மீட்டர். கிடைமட்டச் சட்டத்தில் ஷிஃப்ட் இல்லாமல் எடுக்க 57 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 12 மி.மீ. மேலே ஷிஃப்ட் செய்தால் 28 மீட்டரில் முடிந்துவிடும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கிடைமட்டச் சட்டத்தில் முழு 12 மி.மீ.யும் ஏற்றினால் படத்தின் அடிவிளிம்பு சரியாகக் கண் மட்டத்துக்கு வந்து நிற்கும். கட்டடத்தின் உச்சி கிடைக்கும். தரை, வாசல், படி, நடந்துபோகும் ஆளின் இடுப்புக்குக் கீழே எல்லாம் வெட்டுப்படும். சமூக நோக்கம் தரையில் நடக்கிறது, அதைத்தான் வெட்டுகிறோம். கிடைமட்டத்தில் 8 மி.மீ.யோடு நிறுத்தி 34 மீட்டருக்குப் பின்வாங்குங்கள். அல்லது கேமராவை நெட்டாகத் திருப்பி 12 மி.மீ. ஏற்றி 23 மீட்டரில் நில்லுங்கள், உங்களுக்கு முன்னால் ஆறரை மீட்டரிலிருந்தே தரை படத்தில் இருக்கும். உச்சிக்கு மேல் கொஞ்சம் வானம் வேண்டும் என்பதால் இந்தத் தூரங்களோடு பத்து சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஷிஃப்ட் லென்ஸ் விலை கட்டாது என்பவர்கள் 14 மி.மீ. லென்ஸை நெட்டாக, லெவலாக வைத்து எடுத்துக் கீழே வரும் வெற்றுத் தரையை வெட்டிவிடலாம். வடிவியல் ரீதியாக இரண்டும் ஒன்றே. இழப்பு பிக்ஸலில்: 24 மி.மீ. சட்டத்தின் அளவுக்கு வெட்டினால் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும், 45 மெகாபிக்ஸல் 15 ஆகும். திரைக்கும் சிறிய அச்சுக்கும் அது போதும். சாய்த்து எடுத்துவிட்டுப் பிறகு மென்பொருளில் நிமிர்த்துவது மூன்றாவது வழி. அதற்கு நான்கு பக்கமும் 15 சதவீதம் இடம் விட்டு எடுக்க வேண்டும், நிமிர்த்தியபின் உயர-அகல விகிதத்தையும் சரிபார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்ட படங்களில் ஜன்னல்கள் நீண்டும் மேல்தளம் வீங்கியும் நிற்பதை எத்தனையோ இடங்களில் பார்க்கலாம். மிக உயரமான கோபுரத்தைக் கிட்டத்திலிருந்து முழுதாக நிமிர்த்தினால் தலைகனத்து விழுவதுபோல் தோன்றும். அங்கே லேசான குவிவை விட்டுவைப்பது நல்லது.

ஒரே மாதிரி அடுக்கிய முகப்பை நேருக்கு நேர் எடுக்கும்போது ஒரு பாகை விலகினாலும் கண்ணுக்குப் பட்டுவிடும். எளிய சோதனை: நடுவில் உள்ள ஜன்னலின் இடது உள்விளிம்பும் வலது உள்விளிம்பும் ஒரே அளவு தெரிகின்றனவா என்று பாருங்கள். கண்ணாடி முகப்பு என்றால் இன்னும் எளிது. உங்கள் கேமராவின் பிரதிபலிப்பு எங்கே தெரிகிறதோ அதுவே நீங்கள் சரியாக எதிரே நிற்கும் புள்ளி. அந்தப் பிரதிபலிப்பு படத்தில் வேண்டாம் என்றால், கேமராவைத் திருப்பாமல் ஓரமாக நகர்ந்து நின்று லென்ஸைப் பக்கவாட்டில் ஷிஃப்ட் செய்யுங்கள்.

வெளிச்சம் எப்போது

பொன்னிற மாலை வெளிச்சம் இந்தக் கட்டடங்களுக்கு அவ்வளவாக உதவாது என்பது என் கருத்து. எதையும் அழகாக்கிவிடும், எதையும் விளக்காது. கட்டடம் எந்த வெயிலை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டதோ அந்த வெயிலில் எடுங்கள். மார்செய் நகரில் லெ கொர்பூசியே கட்டிய யூனிதே குடியிருப்பு 1952இல் முடிந்தது. 337 வீடுகள். பெரும்பாலான வீடுகள் கிழக்கு முகப்பிலிருந்து மேற்கு முகப்புவரை ஊடுருவிப் போகும், வடக்குச் சுவரில் ஜன்னலே கிடையாது. ஆக ஒரே வீட்டுக்குக் காலை வெயில் ஒரு முனையிலும் மாலை வெயில் மறுமுனையிலும். இதை ஒரு படத்தில் காட்ட முடியாது. ஒரே வீட்டின் இரு முனைகளிலும், ஒரே உயரத்தில், ஒரே லென்ஸில், காலையில் ஒன்று மாலையில் ஒன்று என இரண்டு எடுத்தால் பேசும். அதே கட்டடத்தின் நடுவே ஓடும் உள்தெரு இருட்டானது. அங்கே ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8 என்று வைத்தால் எக்ஸ்போஷர் வினாடிக்கணக்கில் போகும், நடந்துபோகிறவர் கரைந்துபோவார். ஆள் தெரிய வேண்டும் என்றால் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுங்கள். படத்தில் புள்ளிப்புள்ளியான இரைச்சல் (நாய்ஸ்) கொஞ்சம் தெரிந்தாலும் பரவாயில்லை.

வெயில் தடுப்புப் பலகைகளும் ஆழமான பால்கனிகளும் கோடை நடுப்பகலுக்காகக் கணக்கிட்டவை. நடுப்பகல் வெயில் அசிங்கம் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் பலகையின் நிழல் கண்ணாடியை முழுதாக மூடுவது அந்த நேரத்தில்தான். குளிர்காலத்தில் அதே இடத்தில் அதே மணிக்கு எடுத்தால் வெயில் பலகைக்கு அடியில் நுழைந்து அறைக்குள் போயிருக்கும். இந்த ஜோடிப் படம் பத்து பத்தி விளக்கத்துக்குச் சமம்.

மரப்பலகை அச்சு பதிந்த கான்கிரீட்டின் தோல் தெரிய, வெயில் சுவரை உரசிக்கொண்டு, 10 முதல் 20 பாகையில் வர வேண்டும். வடகோளத்தில் தெற்கு நோக்கிய சுவருக்கு அது காலையிலும் மாலையிலும் கிடைக்கும். கிழக்குச் சுவருக்கு உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்பும், மேற்குச் சுவருக்குச் சற்றுப் பின்பும் மேலிருந்து கீழாக உரசும். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதால் நல்ல வெளிச்சம் அரைமணி நேரம் நின்றால் அதிகம். மேகமூட்டத்தில் கான்கிரீட்டும் வானமும் ஒரே சாம்பலாகி ஒன்றிலொன்று கலந்துவிடும். அன்று வானத்தைச் சட்டத்திலிருந்து விலக்கிவிட்டு, நடைவழி, படிக்கட்டு, உள்முற்றம் என்று எடுங்கள். வெள்ளைச் சுவரைக் கேமரா மீட்டர் சாம்பலாக்கிவிடும். ஒன்று முதல் ஒன்றேகால் ஸ்டாப் வரை கூட்டி (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு), கேமரா காட்டும் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது சுவரில் மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறைக்குள்ளிருந்து எடுக்கும்போது ஜன்னலுக்கும் அறைக்கும் ஐந்தாறு ஸ்டாப் வித்தியாசம் இருக்கும். இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் எடுத்துச் சேர்க்கலாம். ஆனால் வெளியும் உள்ளும் ஒரே பிரகாசத்துக்கு வரும்வரை இழுக்காதீர்கள். ஜன்னல் அறையைவிட ஒரு ஸ்டாப்பாவது வெளிச்சமாக இருந்தால்தான் வெளிச்சம் உள்ளே வருகிறது என்பதே தெரியும்.

சூரியன் மறைந்து இருபது முப்பது நிமிடத்தில் வானமும் வீட்டு விளக்கும் சமமாகும். குடியிருப்புகளுக்கு இது நல்ல நேரம், எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்பது தெரியும். ஒரு வீட்டில் மஞ்சள், ஒரு வீட்டில் நீலவெள்ளை என்று விளக்கு நிறம் மாறும். அதை மென்பொருளில் ஒரே நிறமாக்க வேண்டாம்; ஒரே அச்சில் வார்த்த வீடுகளில் அவரவர் தேர்வு தெரிவது அந்த ஜன்னல்களில்தான்.

வெள்ளைக் கட்டடம் என்ற பிம்பம்

நவீனத்துவம் என்றாலே வெள்ளை என்று நாம் நம்புவதற்குக் கறுப்பு-வெள்ளைப் படங்களே பெரிய காரணம். பெர்லினில் புருனோ டவுட், மார்ட்டின் வாக்னர் இருவரும் 1925இல் தொடங்கிய பிரிட்ஸ் குதிரைலாடக் குடியிருப்பில் அடர்நீலச் சுவர்கள் உண்டு, ரத்தச்சிவப்பில் ஒரு முழு வரிசையே உண்டு, வாசல் கதவுகள் பல நிறம். காசு குறைந்த வீட்டுக்கும் அடையாளம் வேண்டும், நிறம் மலிவானது என்பது டவுட்டின் கணக்கு. சிவப்பையும் நீலத்தையும் அப்படியே கறுப்பு-வெள்ளையாக்கினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகி அந்தக் கணக்கு காணாமல் போகும். இப்படிப்பட்ட இடத்தில் வண்ணத்தில் எடுங்கள், அதே வெளிச்சத்தில் நிற அட்டை ஒன்றையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு-வெள்ளைதான் வேண்டும் என்றால் நிறவாரியாகச் சாம்பலைப் பிரித்துக் கொடுங்கள். சிவப்பு ஃபில்டர் போட்டு வானத்தைக் கறுப்பாக்கும் பழைய உத்தி எதையும் கோயில் கோபுரம் மாதிரி வீரமாக்கிவிடும். நகராட்சி வாடகைக் குடியிருப்புக்கு அந்த வீரம் தேவையா என்று யோசித்துச் செய்யுங்கள்.

பழைய படங்களிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதும் விட வேண்டியதும்

புகைப்படக் கலைஞர் லூசியன் எர்வே 1949இல் மார்செய் போய், கட்டுமானத்தில் இருந்த யூனிதேவை ஒரே நாளில் 650 படம் எடுத்து லெ கொர்பூசியேவுக்கு அனுப்பினார். அதன்பின் அவருடைய கட்டடங்களைத் தொடர்ந்து எடுத்தவர் எர்வேதான். வெட்டியெடுத்த துண்டுகள், ஆழ்ந்த நிழல், சாய்ந்த கோணம். கட்டுமானப் பொருளின் தன்மையை அறிய அவரிடம் கற்கலாம். வாழ்க்கையை அறிய அது போதாது.

ஜூலியஸ் ஷுல்மன் 1960இல் லாஸ் ஏஞ்சலிஸில் பியர் கோனிக் கட்டிய 22ஆம் எண் மாதிரி வீட்டை எடுத்த படம் எல்லோருக்கும் தெரியும்: மலை விளிம்பில் கண்ணாடி அறை, இரண்டு பெண்கள், கீழே நகரத்து விளக்குகள். வீட்டு விளக்கை அணைத்து நகரத்துக்கு ஏழு நிமிட எக்ஸ்போஷர், பிறகு அதே ஃபிலிமில் உள்ளே ஃபிளாஷ் பல்பு. தொழில்நுட்பமாக அபாரம். ஆனால் அந்த வீடு சேர்ந்த திட்டம் 1945இல் ஒரு கட்டடக்கலைப் பத்திரிகை தொடங்கியது. போர் முடிந்து திரும்பும் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் வீட்டு மாதிரிகளைக் காட்டுவது அதன் நோக்கம். படம் ஜெயித்தபின் மக்கள் நினைவில் நின்றது கட்டுப்படியாகும் வீடு இல்லை, பணக்காரர் வீட்டு மாலை விருந்து. ஆள் வைத்து எடுத்தால் சமூகம் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மார்செல் கோத்ரோ பிரேசிலின் புதிய தலைநகரான பிரசீலியாவை 1950களின் கடைசியில் எடுத்தார். எஃகுச் சட்டங்களாக எழும் அமைச்சகக் கட்டடங்களையும் எடுத்தார், அவற்றைக் கட்டிய தொழிலாளர்கள் சிமெண்ட் சாக்கையும் பழைய பலகையையும் வைத்துப் போட்டுக்கொண்ட சக்கோலாந்தியா குடிசைகளையும் எடுத்தார். முதல் வகைப் படங்கள் உலகம் சுற்றின, இரண்டாவது வகை அந்த அளவுக்கு வெளியே வரவில்லை. இரண்டையும் ஒரே தொகுப்பில் வைப்பது எடுக்கிறவர் கையில் இருக்கிறது.

எதிர்ப்பக்கத்தில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்த புரூயிட்-ஐகோ பொதுக் குடியிருப்பு. மினோரு யமசாகி வடிவமைத்த 33 பிளாக், ஒவ்வொன்றும் 11 மாடி. 1954இல் குடியேற்றம் தொடங்கியது, 1972இல் வெடி வைத்து இடிக்கத் தொடங்கினார்கள். புழுதி எழும் அந்தப் படம் நவீனத்துவமே தோற்றது என்பதற்கு ஆதாரமாகச் சுற்றியது. பராமரிப்புச் செலவு வாடகை வசூலிலிருந்தே வர வேண்டும் என்ற விதி, நகரத்திலிருந்து மக்கள் வெளியேறியது, இனப் பாகுபாடு, செலவைக் குறைக்க மூன்று மாடிக்கு ஒருமுறை மட்டும் நின்ற லிஃப்ட் என எதுவும் அந்தப் படத்தில் இல்லை. இடிபாட்டைப் படமாக்குவது சுலபம், இடிந்ததன் காரணத்தைப் படமாக்குவதுதான் வேலை.

காரணத்தைக் கிட்டப் போய் எடுக்கலாம். பால்கனித் தளத்தின் அடிப்பக்கத்தை, வெளிவிளிம்பிலிருந்து ஓரிரு அங்குலம் உள்ளே பாருங்கள். மழைநீர் உள்ளே வழியாமல் அங்கேயே சொட்டி விழுவதற்காக ஒரு சின்னப் பள்ளக்கோடு விட்டிருப்பார்கள். அது இல்லாத கட்டடத்தில் சுவர் முழுக்கக் கறுப்புத் தாரை வழிந்திருக்கும். அது வடிவமைப்பின் தவறு. பள்ளம் இருந்தும் பெயிண்டாலோ பூச்சாலோ அடைபட்டிருந்தால் பராமரிப்பின் தவறு. கம்பி வெளியே தெரிகிற இடமும் அப்படித்தான். காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் ஊறி கான்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைக்கிறது. கம்பிக்கு இருந்த பாதுகாப்பு போய்த் துரு பிடிக்கிறது. துரு பல மடங்கு பருத்து மேல் கான்கிரீட்டைத் தள்ளி உதிர்க்கிறது. உதிர்ந்த விளிம்பில் கம்பி மேற்பரப்பிலிருந்து எத்தனை மி.மீ. உள்ளே இருந்தது என்பது தெரியும்படி, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, உரசும் வெயிலில் 50 முதல் 100 மி.மீ. லென்ஸில் எடுங்கள். கம்பிக்கு மேல் பத்து மி.மீ.கூட இல்லையென்றால் கட்டும்போதே கோட்டை விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இதோடு லிஃப்ட் கதவில் ஒட்டிய அறிவிப்பு, புதிதாக மாற்றிய ஒற்றை ஜன்னல், ஒட்டுப்போட்ட குழாய் ஆகியவற்றையும் எடுத்துவைத்தால் கட்டடத்தின் கணக்குப் புத்தகத்தையே திறந்தது மாதிரி.

குடியிருப்பவர்கள் செய்த மாற்றங்களை மறைக்காதீர்கள். போர்தோ அருகே பெஸாக்கில் லெ கொர்பூசியே 1926இல் முடித்த சுமார் 50 தொழிலாளர் வீடுகளில் நீள ஜன்னல்களைச் சுருக்கினார்கள், மொட்டைமாடிக்குக் கூரை போட்டார்கள், ஷட்டர் மாட்டினார்கள். பிற்பாடு சிலவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். இதுபோன்ற தெருவில் மாற்றிய வீடும் மீட்ட வீடும் ஒரே சட்டத்தில் விழும் இடத்தைத் தேடுங்கள். துணிக்கொடி, ஏசி பெட்டி, டிஷ் ஆன்டெனா ஆகியவற்றை மென்பொருளில் அழிப்பது புது வியாதி ஒன்றும் இல்லை. லெ கொர்பூசியேவே 1920களில் தானியக் கிடங்குப் படங்களில் உச்சியிலிருந்த முக்கோண அலங்காரங்களை அழித்துத்தான் அச்சிட்டார்.

பழைய படத்தின் இடத்தில் மறுபடி நின்று எடுப்பது

சமூக நோக்கம் என்ன ஆனது என்பதைக் காட்ட இதைவிட நேரான வழி கிடையாது. ஆம்ஸ்டர்டாமில் ஆல்டோ வான் ஐக் 1947 முதல் வடிவமைத்த நூற்றுக்கணக்கான விளையாட்டிடங்கள் பலவற்றுக்கு முன்-பின் படங்கள் உண்டு. முதலில் வெறும் காலிமனை, பிறகு அதே இடத்தில் மணல்தொட்டி, கம்பி வளைவு, குழந்தைகள். இன்று அதே புள்ளியில் நின்றால் மூன்றாவது படம்.

புள்ளியைப் பிடிக்கும் முறை இது. பழைய படத்தில் கிட்டத்தில் ஒரு விளிம்பு, அதன் பின்னால் தூரத்தில் ஒரு விளிம்பு என்று ஒன்றுக்கொன்று நெருங்கி நிற்கும் இரண்டைத் தேர்ந்தெடுங்கள். அந்த இடைவெளி அப்படியே வரும்வரை இடது-வலதாக நகருங்கள். அடுத்து உயரம்: படத்தின் அடிவானக் கோடு கட்டடத்தில் எந்த மட்டத்தை வெட்டுகிறதோ அதுவே பழைய கேமராவின் உயரம், அது சட்டத்தின் நடுவில் இல்லையென்றால் அன்று லென்ஸை உயர்த்தி எடுத்திருக்கிறார்கள். கடைசியாக முன்-பின்: கிட்டப் பொருளின் அகலத்தைத் தூரப் பொருளின் அகலத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். உங்கள் படத்தில் அந்த விகிதம் பெரிதாக இருந்தால் நீங்கள் அதிகமாக முன்னே நிற்கிறீர்கள். லென்ஸ் நீளம் பற்றிக் கவலை வேண்டாம். கோணத்தை நிர்ணயிப்பது நிற்கும் இடம் மட்டுமே, கொஞ்சம் அகலமாக எடுத்துவிட்டு வெட்டிக்கொள்ளலாம். நிழலை வைத்து மாதத்தையும் மணியையும் பொருத்தினால் ஒப்பீடு உறுதியாகும்.

ஆட்களும் அனுமதியும்

ஆளை அளவுகோலாக மட்டும் நிறுத்தினால் அது கட்டடக் கலைஞர் வரைபடத்து ஆள் மாதிரி ஆகிவிடும். பொது இடம் பயன்படும் நேரத்தை விசாரித்து அப்போது போங்கள்: பள்ளி விடும் நேரம், துணி காயப்போடும் நேரம், வேலை முடிந்து திரும்பும் நேரம். ஓரிடத்தில் டிரைபாடை வைத்து ஒரு மணி நேரம் நின்றால் படிக்கட்டில் யார் உட்காருகிறார்கள், யாரும் போகாத புல்வெளி எது என்பது தெரிந்துவிடும். நடப்பவர் தெளிவாக வேண்டுமானால் 1/125 வினாடி, அசைவு கலங்கித் தெரிய வேண்டுமானால் 1/4 அல்லது 1/8. நடுவில் 1/30 வைத்தால் குலுங்கிய படம் மாதிரிதான் தெரியும். வெளியிலிருந்து டெலி லென்ஸில் வீட்டுக்குள் எடுக்க வேண்டாம். வீட்டுக்குள் போக வேண்டும் என்றால் கதவைத் தட்டிக் கேளுங்கள், எடுத்ததை அங்கேயே காட்டுங்கள், பிரதி கொடுங்கள். குழந்தைகள் முகம் தெரிந்தால் பெற்றோர் சம்மதம் வேண்டும்.

கட்டடத்துக்கும் உரிமை உண்டு. பிரான்ஸில் 2016 சட்டப்படி பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் கட்டடத்தைத் தனிநபர் வணிக நோக்கமின்றி வெளியிடலாம்; வணிகத்துக்கு அனுமதி வாங்க வேண்டும். லெ கொர்பூசியே இறந்தது 1965, ஆகவே அவருடைய பதிப்புரிமை அங்கே 2035 முடியும்வரை இருக்கும். நாட்டுக்கு நாடு விதி மாறும், போவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி கெடும் இடங்கள்

ஒரே மாதிரிப் பலகைகள் அடுக்கிய முகப்பில் அலையலையாகப் பொய்க்கோலம் வரும். சென்சாரின் கட்டமும் முகப்பின் கட்டமும் மோதுவதால் வருவது அது. இரண்டடி முன்பின் நகர்ந்து இன்னொன்று எடுங்கள், எஃப் 11 வரை மூடிப் பாருங்கள், கணினியில் சிறிதாக்கும்போது அளவை மாற்றிப் பாருங்கள். பல படங்களை ஒட்டிப் பரந்த படமாக்கும்போது மென்பொருள் மூன்றாம் பால்கனியை நான்காம் பால்கனி என்று எண்ணி ஒட்டிவிடும், ஒரு வரிசை வீடே காணாமல் போயிருக்கும். ஒட்டியபின் மாடியையும் ஜன்னலையும் எண்ணிப் பார்ப்பது பழக்கமாக வேண்டும். குழாய் விளக்கும் மலிவான எல்.இ.டி.யும் உள்ள நடைவழியில் வரிவரியாகப் பட்டை விழுந்தால் எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டு, 50 ஹெர்ட்ஸ் மின்சாரமுள்ள நாட்டில் 1/50 அல்லது அதைவிட மெதுவாக வையுங்கள். அகல லென்ஸில் போலரைசர் ஃபில்டர் போட்டால் வானத்தின் ஒரு மூலை மட்டும் கறுக்கும், கழற்றிவிடுங்கள்.

கடைசியாகப் படக்குறிப்பு. கட்டடக் கலைஞர் பெயரும் ஆண்டும் மட்டும் போதாது. யார் பணத்தில் கட்டியது, எத்தனை வீடு, ஒரு வீட்டின் பரப்பு, வாடகையா சொந்தமா, இன்று யார் கையில் இருக்கிறது, எது மாற்றப்பட்டது, படம் எடுத்த தேதி, மணி, கேமரா உயரம் என்று இவ்வளவையும் ஃபைலின் மெட்டாடேட்டாவிலேயே எழுதுங்கள். உங்கள் பெயரையும் அங்கேயே எழுதுங்கள். ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நகரிலுள்ள பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளிக் கட்டடத்தின் புகழ்பெற்ற படங்களைக் கண்ணாடி நெகட்டிவில் எடுத்த லூசியா மொஹோலி, 1933இல் ஜெர்மனியைவிட்டுத் தப்பியபோது நெகட்டிவ்களை விட்டுச்செல்ல வேண்டியிருந்தது. அவை அந்தக் கட்டடத்தை வடிவமைத்த வால்டர் குரோப்பியஸிடம் போய்ச் சேர்ந்து, லூசியாவின் பெயர் இல்லாமலே பல ஆண்டுகள் அச்சாகிக்கொண்டிருந்தன. வழக்கறிஞர் வைத்துப் போராடி 1957இல் ஒரு பகுதியைத்தான் அவரால் திரும்பப் பெற முடிந்தது.